முந்தைய ஆறு வினாடிகள்

பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய்த் தொட்டிகள் வரிசைகட்டி நிற்கும் பக்கம் இரவில் போனால், பம்புகளின் இரைச்சல் சாலைவரை கேட்கும். அந்தத் தொட்டிகளில் இருப்பதெல்லாம் சமையலறைப் போத்தலில் பார்க்கிற தெளிந்த எண்ணெய் அல்ல. ஸ்டியரின் என்கிற கெட்டிப் பகுதி நம் ஊர் வெயிலிலும் இறுகித்தான் கிடக்கும். நீராவிச் சுருளால் சூடேற்றி உருக்கிய பிறகுதான் அது குழாயில் ஓடும், கப்பலில் ஏறும். 1977 முதல் ஜொகூர் துறைமுகம் இயங்கிவரும் இந்த ஊரில், பம்பு ஓடுவது பலருக்கு மூச்சு ஓடுவது மாதிரி.

அப்படி ஓடிய பம்பு ஒன்று அடிக்கடி நள்ளிரவில் தானாக நின்றுபோனது. மோட்டாரைக் காக்கும் ரிலே, "டிரிப் ஆனது" என்று மட்டும் சொல்லும். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஓடும். நிற்பதற்கு முன்பு என்ன நடந்தது என்பதுதான் எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது. பம்பின் மீது அதிர்வு உணரி ஒன்றைப் பொருத்தி, அது சொல்வதை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பெட்டியை வைத்தோம். கேட்பது எளிது. கேட்டதை நினைவில் வைத்திருப்பதில்தான் சிக்கல் வந்தது. மைக்ரோகண்ட்ரோலருக்கு வெளியிலிருந்து நினைவகம் இணைக்கிற வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்தப் பம்பினால்தான். இங்குள்ள தொழிற்கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதைப் புரியும்படி சொல்லவேண்டும் என்ற ஆசையில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உணரி மூன்று திசைகளில் அதிர்வைத் தருகிறது. ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு 25,600 அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் 2 பைட். பெருக்கினால் வினாடிக்கு 1,53,600 பைட். நாங்கள் எடுத்த மைக்ரோகண்ட்ரோலர் எஸ்டிஎம்32எஃப்407. அதனுள்ளே 192 கிலோபைட் நினைவகம் உண்டு. ஆனால் அதில் 64 கிலோபைட் மையச் செயலிக்கு மட்டுமே உரியது. டிஎம்ஏ என்ற தானியங்கிச் சுமையாளால் அங்கே எதையும் கொண்டுபோய் வைக்க முடியாது. மிஞ்சுவது 128 கிலோபைட். மற்ற வேலைகளுக்கு ஒன்றும் ஒதுக்காமல் முழுவதையும் அதிர்வுக்கே கொடுத்தாலும் 0.85 வினாடியில் நிரம்பிவிடும். நிமிடத்துக்கு 1,480 சுற்று சுற்றும் மோட்டார் அதற்குள் 21 முறைதான் சுற்றியிருக்கும்.

எஸ்டி கார்டில் எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் அங்கேதான் தொடங்கினேன். பம்பு எப்போது நிற்கும் என்று தெரியாது. ஆகவே இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கவேண்டும், பழையதை அழித்துக்கொண்டே போகவேண்டும். ஒரு நாளைக்கு 13 கிகாபைட்டுக்கு மேல் வருகிறது. கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அழித்து எழுத அழித்து எழுத அது தேயும். ரேம் நினைவகம் அப்படித் தேயாது. வட்டமாக எழுதிக்கொண்டே போய், முடிவு வந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பி, பழையதன் மேலேயே புதியதை எழுதலாம், ஆண்டுக்கணக்கில் செய்யலாம். பம்பு நின்றவுடன் எழுதுவதை நிறுத்திவிட்டால், நிற்பதற்கு முந்தைய வினாடிகள் அப்படியே உள்ளே கிடக்கும். அவற்றை நிதானமாகக் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாக் கருவிக்கும் இது வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு ஆயிரக்கணக்கானோர் நோயுற்றதையும், 13-ஆம் தேதி பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகள் மூடப்பட்டதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு காற்றை அளக்கும் பெட்டி செய்யவேண்டும் என்று வருகிற மாணவர்கள் அதிகம். அவர்களில் ஒருவர், "அண்ணே, இதுக்கும் வெளி மெமரி போடணுமா?" என்று கேட்டார். "எத்தனை சென்சர், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை?" என்று கேட்டேன். எட்டு உணரி, வினாடிக்கு ஒருமுறை, தலா 2 பைட். வினாடிக்கு 16 பைட். ஒரு நாளைக்கு 13,82,400 பைட். ஒரு கிகாபைட் இடம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குப் போதும். வாயுவின் அளவு மெதுவாக ஏறி இறங்குவது. அதற்குக் கார்டு போதும், தம்பி, கம்பிகளைக் கூட்டாதே என்றேன். வெளி நினைவகம் வேண்டுமா என்ற கேள்விக்கு முதல் பதில் 'வேண்டாம்' என்பதாகவே இருக்கட்டும். உள்ளேயே 1 மெகாபைட் வைத்திருக்கும் எஸ்டிஎம்32எச்743 போன்றவை இப்போது கிடைக்கின்றன. ஆறு கம்பியில் இணைகிற தொடர்வகை ரேம் சில்லுகளும் வந்துவிட்டன. அவற்றால் ஆகாது என்று கணக்கு சொன்ன பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். எங்களிடம் 407 போர்டு ஏற்கனவே இருந்தது, நிரல் அதற்கே எழுதப்பட்டிருந்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கம்பியையும் தொட்டுக் காட்டக்கூடிய முறையும் இதுதான்.

இனி கிடங்குக்குள் போவோம்.

மலாய் மொழியில் பாசிர் என்றால் மணல், கூடாங் என்றால் கிடங்கு. நம் 'கிடங்கு', 'கிட்டங்கி' என்ற சொற்களோடு அந்தக் 'கூடாங்'குக்கு உறவு உண்டு என்பார்கள் சொல்லாய்வாளர்கள். ஆங்கிலேயர் வாயில் அது குடோன் ஆகி, நம்மிடமே திரும்பி வந்தது. நினைவகச் சில்லை விளக்க எனக்கு இதைவிடப் பொருத்தமான ஊர்ப்பெயர் கிடைக்காது. சிலிக்கனும் மணலின் பிள்ளைதானே.

ஒரு கிடங்கில் பொருளை வைக்கவும் எடுக்கவும் மூன்று செய்திகள் போதும். எந்த அடுக்கு, என்ன பொருள், வைப்பதா எடுப்பதா. மைக்ரோகண்ட்ரோலருக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஓடும் கம்பிக்கூட்டத்துக்குப் பஸ் என்று பெயர். அதில் முகவரிக் கம்பிகள் அடுக்கின் எண்ணைச் சொல்கின்றன. தரவுக் கம்பிகள் பொருளைச் சுமக்கின்றன. கட்டுப்பாட்டுக் கம்பிகள் கதவைத் திறந்து, வைப்பதா எடுப்பதா என்று சொல்கின்றன.

எங்கள் சில்லு 16 பிட் அகலமுள்ள, 1 மெகாபைட் கொள்ளும் நிலை ரேம். ஐஎஸ்61டபிள்யூவி51216 என்பது அதன் பெயர். பெயரிலேயே கணக்கு இருக்கிறது. 512 கி, 16. அதாவது 5,24,288 அடுக்குகள், ஒவ்வொன்றிலும் 16 பிட். 2-ஐ 19 முறை பெருக்கினால் 5,24,288 வரும். ஆகவே முகவரிக்கு 19 கம்பிகள், ஏ0 முதல் ஏ18 வரை. தரவுக்கு 16. கட்டுப்பாட்டுக்கு ஐந்து: சில்லைத் தேர்ந்தெடுக்க ஒன்று, வாசிக்க ஒன்று, எழுத ஒன்று, கீழ்ப் பைட்டுக்கு ஒன்று, மேல் பைட்டுக்கு ஒன்று. மொத்தம் 40. மின்சாரத்துக்கு இரண்டு, தரைக்கு இரண்டு சேர்த்தால் 44. சில்லைக் கையிலெடுத்துக் கால்களை எண்ணிப் பாருங்கள், சரியாக 44 இருக்கும். புது மாணவர்களிடம் இதை முதலில் எண்ணச் சொல்வேன். விவரத்தாளில் மிரட்டுகிற படத்தில் காரணமில்லாத கால் ஒன்றுகூட இல்லை என்பது அப்போது பிடிபடும்.

மறுபக்கம் மைக்ரோகண்ட்ரோலர். அதைத் தயாரிக்கும் எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இத்தகைய சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் பெரிய ஆலை ஒன்றை நம் ஜொகூரின் மூவாரிலேயே நடத்துகிறது. 2021 ஆகஸ்டில் பெருந்தொற்றால் அங்கே வேலை தடைப்பட்டபோது ஐரோப்பாவின் கார்த் தொழில்வரை அதன் பாதிப்பு தெரிந்தது. இந்த 407-க்குள் வெளி நினைவகத்துக்கென்றே எஃப்எஸ்எம்சி என்ற பகுதி இருக்கிறது. அதன் அருமை என்னவென்றால், நிரல் எழுதுபவருக்கு வெளிச் சில்லு வெளியில் இருப்பதே தெரியாது. பதினாறடிமானத்தில் 60000000 என்ற முகவரியில் எதையாவது எழுது என்று நிரல் சொன்னால், அந்த முகவரி உள்ளே இல்லை என்று அறிந்து, எஃப்எஸ்எம்சி தானாக வெளிக்கம்பிகளில் முகவரியை ஏற்றி, தரவை வைத்து, எழுதும் கம்பியை இழுத்து, வேலை முடியும்வரை செயலியைக் காக்க வைக்கிறது. சி மொழியில் ஒரு சுட்டியை அந்த முகவரிக்குத் திருப்பிவிட்டால் போதும். சாதாரண அணிக்கோவை போலப் பயன்படுத்தலாம். டிஎம்ஏவும் அங்கே நேராகவே எழுதும்.

அந்த முகவரியில் தொடங்கும் சாளரம் 64 மெகாபைட் அகலம். இப்படி நான்கு சாளரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தேர்வுக் கம்பி. ஒரே சாலையில் நான்கு கிடங்குகள் இருக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றின் கதவுதான் திறக்கவேண்டும். இரண்டு கதவுகள் சேர்ந்து திறந்தால் ஒன்று 1 என்றும் மற்றது 0 என்றும் ஒரே கம்பியை இழுக்கும். தரவு கெடும், சில்லும் சூடாகும். நம்மிடம் இருப்பது ஒரே சில்லு என்பதால் தேர்வுக் கம்பியை நிரந்தரமாகத் தரையோடு கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டாதீர்கள். நாளைக்கு அதே பஸ்ஸில் ஒரு திரையை மாட்டவேண்டி வரும்.

64 மெகாபைட் சாளரத்தில் 1 மெகாபைட் சில்லு மட்டும் இருந்தால் மிச்சம் என்ன ஆகும்? சில்லுக்கு 19 கம்பிகள்தான் போகின்றன. அதற்கு மேலுள்ள முகவரி எண்களை அது பார்ப்பதே இல்லை. ஆகவே 1 மெகாபைட் தாண்டி எழுதினால் அது மறுபடி தொடக்கத்தில் போய் விழும். அதே கிடங்கு 64 முறை திரும்பத் திரும்பத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இது தேவைப்படும்.

கம்பிகளை இணைக்கையில் புதியவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. செயலி முகவரியைப் பைட் கணக்கில் எண்ணுகிறது. சில்லோ இரண்டு பைட் கொண்ட அடுக்குக் கணக்கில் எண்ணுகிறது. செயலியின் 0, 1 இரண்டும் சில்லின் அடுக்கு 0. 2, 3 இரண்டும் அடுக்கு 1. அப்படியானால் செயலியின் ஏ1 கம்பிதானே சில்லின் ஏ0-க்குப் போகவேண்டும்? சில மைக்ரோகண்ட்ரோலர்களில் அப்படித்தான். எஃப்எஸ்எம்சியில் 16 பிட் என்று அமைத்துவிட்டால் அது உள்ளேயே ஓர் இடம் நகர்த்திவிடும்; ஏ0-ஐ ஏ0-க்கே இணைக்கவேண்டும். இரண்டு இடத்திலும் நகர்த்தினால் நினைவகத்தில் பாதி காணாமல் போகும். அந்தந்தச் சில்லின் கையேட்டில் இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

இன்னொன்று, கீழ்ப் பைட், மேல் பைட் கம்பிகள். "எப்போதும் 16 பிட்டாகத்தானே எழுதப்போகிறேன்" என்று இரண்டையும் தரையில் கட்டிவிடுபவர்கள் உண்டு. நிரலில் எங்கோ ஓர் எழுத்துச் சரம், எங்கோ ஒற்றைப் பைட் மாறி வரத்தான் செய்யும். அன்றைக்கு ஒரு பைட்டை எழுதினால் பக்கத்துப் பைட்டும் சேர்ந்து கெடும். இரண்டு கம்பியை மிச்சம் பிடித்து இரண்டு வாரத்தைத் தொலைக்க வேண்டாம்.

இனிப்பான செய்தியும் ஒன்று இருக்கிறது. நிலை ரேமில் முகவரிக் கம்பிகளைத் தங்களுக்குள் மாற்றிப் போட்டாலும் குற்றமில்லை. செயலியின் ஏ3 சில்லின் ஏ7-க்குப் போனால், அடுக்கின் இடம் மாறும். ஆனால் வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரே மாதிரி மாறுவதால் பொருள் சரியாகத் திரும்பி வரும். ஒரே பைட்டுக்குள் தரவுக் கம்பிகளையும் இப்படி மாற்றலாம். போர்டில் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் வரைய இது எவ்வளவு உதவும் என்பது, வரைந்து பார்த்தவருக்குத் தெரியும். ஃபிளாஷ் சில்லுக்கு இந்தச் சலுகை கிடையாது; எஸ்டிரேம் என்ற மற்றொரு வகை ரேமிலும் முகவரிக் கம்பிகளுக்குக் கிடையாது. அவை அந்தக் கம்பிகளிலேயே கட்டளைகளையும் வாங்குகின்றன. கம்பி மாறினால் கட்டளை மாறிப்போகும்.

நாற்பது கம்பி என்றதும் மலைப்பாக இருக்கிறதல்லவா? 1980-இல் இண்டெல் 8051-ஐக் கொண்டுவந்தபோது அந்தச் சில்லுக்கு மொத்தமே 40 கால்கள். உள்ளே 128 பைட் ரேம். 64 கிலோபைட் வெளி நினைவகம் வேண்டுமென்றால் 16 முகவரி, 8 தரவு, கூடவே கட்டுப்பாடு. கால்கள் போதாது. அவர்கள் ஒரே எட்டுக் கால்களை இரண்டு முறை பயன்படுத்தினார்கள். முதலில் அந்த எட்டில் முகவரியின் கீழ்ப்பாதி வரும். ஏஎல்இ என்ற கம்பி ஒரு துடிப்புக் கொடுக்கும். வெளியே இருக்கும் 74573 வகைப் பிடிப்புச் சில்லு அதைக் கவ்விக்கொள்ளும். பிறகு அதே எட்டுக் கால்களில் தரவு போய்வரும். சீட்டைக் கிடங்குக்காரர் கையில் கொடுத்துவிட்டு, அதே கையால் மூட்டையை வாங்குவது போல. பழங்கதை என்று தள்ளவேண்டாம். எங்கள் 407-ஐ 144 கால் உறையில் வாங்காமல் 100 கால் உறையில் வாங்கியிருந்தால் இதே வித்தையைத்தான் செய்திருக்கவேண்டும். முகவரியின் கீழ் 16-உம் தரவின் 16-உம் அங்கே ஒரே கால்களில்தான் வருகின்றன. 8051 பாடத்தில் இந்தப் பக்கத்தை ஆசிரியர்கள் விட்டுவிடாமல் நடத்தவேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்தது நேரம். கம்பி சரியாக இருந்தாலும் நேரம் தவறினால் வேலை கெடும். முகவரியைக் கம்பியில் ஏற்றியவுடன் பொருள் வந்துவிடாது. எங்கள் சில்லு 10 நானோவினாடி எடுத்துக்கொள்ளும். 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 407-க்கு ஒரு துடிப்பு ஏறக்குறைய 6 நானோவினாடி. இரண்டு துடிப்பு காத்திருந்தால் 12 ஆயிற்றே, போதாதா? போதாது. முகவரி செயலியின் காலைவிட்டு வெளியே வரச் சில நானோவினாடி. வந்த தரவு கம்பியில் நிலைபெற்றுச் செயலி அதை நம்பக்கூடிய நிலைக்கு வர இன்னும் சில. இவற்றையெல்லாம் கூட்டவேண்டும். எஃப்எஸ்எம்சியில் இதற்கு இரண்டு எண்கள் முக்கியம்: முகவரி நிலைபெறும் துடிப்புகள், தரவு நிலைபெறும் துடிப்புகள். முதலாவதை 15 வரையும் இரண்டாவதை 255 வரையும் வைக்கலாம்.

நான் எப்போதும் இரண்டையும் தாராளமாக வைத்துத் தொடங்குவேன். போர்டு வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே குறைப்பேன், தேவைப்பட்டால் மட்டும். எங்கள் பெட்டியில் தேவைப்படவில்லை. ஒரு முறை எழுத 60 நானோவினாடி எடுத்தாலும், 2 பைட் வீதம், வினாடிக்கு 33 மெகாபைட் எழுதலாம். பம்பு கேட்பது அதில் இருநூறில் ஒரு பங்குகூட இல்லை. இணையத்தில் கிடைக்கும் மிகச்சிறிய எண்களை எடுத்துப் போட்டு, ஆய்வகத்தின் குளிர்ச்சியில் ஓடுகிறது என்று மகிழ்ந்து, பிறகு பம்பு அறையின் வெக்கையில் அது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எட்டு மெகாபைட், பதினாறு மெகாபைட் வேண்டுமென்றால் எஸ்டிரேமுக்குப் போகவேண்டும். எஸ்டிஎம்32எஃப்429 வகையில் அதற்கான வசதி உண்டு. அதன் அடுக்குகள் ஓட்டைக் குடங்கள். ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கிறது, கசிந்துகொண்டே இருக்கிறது. பொதுவாக 64 மில்லிவினாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை நிரப்பிவிடவேண்டும். 4,096 வரிசை என்றால் 15.6 மைக்ரோவினாடிக்கு ஒரு வரிசை. தொடங்கும்போது முறைப்படி எழுப்பவும் வேண்டும்: கடிகாரம், சிறு காத்திருப்பு, கட்டளைகள், பிறகு புதுப்பிப்பு எண். இந்த வரிசையில் ஒன்று தவறினாலும் எழுதியது நிற்காது. எங்களுக்கு 6.8 வினாடி போதும். 1 மெகாபைட் அதைத் தருகிறது. அதனால் நிலை ரேமோடு நின்றுகொண்டோம்.

போர்டு வந்தது. ஒவ்வொரு மின்கால் ஓரமும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, குட்டையான தடங்கள், எல்லாம் முறையாக. சோதனை நிரல் ஒன்று எழுதினேன்: ஓர் இடத்தில் ஓர் எண்ணை எழுது, உடனே வாசி, ஒத்திருக்கிறதா பார். ஒத்திருந்தது. அத்தனை இடமும் தேறியது. பிறகு அதிர்வைப் பதிய வைத்தால் எல்லாம் குப்பை. ஒரு நாள் முழுவதும் நிரலைத் துருவினேன். மறுநாள் உருப்பெருக்கியில் பார்த்தால், சில்லின் தேர்வுக் கால் போர்டைத் தொடவே இல்லை. ஈயம் அதன்மேல் ஏறவில்லை. கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பிறகு எப்படிச் சோதனை தேறியது?

கம்பிகள்தான் பதில் சொல்லியிருக்கின்றன. செயலி ஓர் எண்ணைத் தரவுக் கம்பிகளில் ஏற்றிவிட்டுக் கைவிட்டால், அந்த மின்னேற்றம் உடனே மறையாது. தடத்தின் சிறு கொள்ளளவில் கொஞ்ச நேரம் தங்கும். அதற்குள் வாசித்தால், நாம் எழுதிய எண்ணே நமக்குத் திரும்ப வரும். கிடங்கு இல்லாமலேயே சாலை பதில் சொல்கிறது. அன்றிலிருந்து எழுதியவுடன் வாசிப்பதில்லை. ஓர் இடத்தில் எழுதி, வேறோர் இடத்தில் எதிர்மாறான எண்ணை எழுதி, பிறகுதான் முதல் இடத்தை வாசிப்பேன்.

என் சோதனை இப்போது மூன்று கட்டம். முதலில் தரவுக் கம்பிகள்: ஓர் இடத்தில் ஒரே ஒரு 1-ஐ மட்டும் வைத்து, அதைப் பதினாறு கம்பிகளிலும் நடக்க விடுவது. இரண்டு கம்பிகள் ஒட்டியிருந்தால் இரண்டு 1 வரும், அறுந்திருந்தால் அந்தக் கம்பியில் மட்டும் பிழை வரும். அடுத்து முகவரிக் கம்பிகள்: அடுக்கு 0, 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் இடங்களில் வெவ்வேறு எண்களை எழுதிவிட்டு எல்லாவற்றையும் வாசிப்பது. ஒவ்வோர் இடமும் ஒரே ஒரு முகவரிக் கம்பியைத் தொடுவதால், எந்தக் கம்பி கெட்டது என்பது பெயரோடு தெரிந்துவிடும். கடைசியாக ஒவ்வோர் அடுக்கிலும் அதன் எண்ணைக் கொண்டே கணக்கிட்ட ஒரு மதிப்பை எழுதி முழுவதையும் வாசித்து, பிறகு பிட்டுகளைத் தலைகீழாக்கி மறுபடி ஒருமுறை. மூன்றாவதை நேரடியாகச் செய்தால் பிழை இருப்பது தெரியும், எங்கே என்பது தெரியாது.

இந்தச் சோதனையில் தேறிய பெட்டியைப் பம்பில் வைத்தோம். மூன்றாம் வாரம் ஒரு பதிவு வந்தது. அலையை விரித்துப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. ஏறக்குறைய 0.21 வினாடி நீளமுள்ள ஒரு துண்டு, உடனே அச்சு அசலாக இன்னொரு முறை. அடுத்த துண்டும் அப்படியே இரண்டு முறை. ஆறு வினாடி முழுவதும் இப்படி இரட்டை இரட்டையாக. எந்தப் பம்பும் அப்படி அதிராது.

0.2133-ஐ 1,53,600-ஆல் பெருக்கினேன். ஏறக்குறைய 32,768 வந்தது. 32 கிலோபைட். இரண்டு பைட் அடுக்குகளாக எண்ணினால் 16,384. 2-ஐப் பதினான்கு முறை பெருக்கிய எண். ஏ14. அந்த ஒரு கம்பி எப்போதும் 0-ஆகவே சில்லுக்குத் தெரிந்தால், இரண்டாவது 32 கிலோபைட் முதலாவதன் மேலேயே எழுதப்படும். வாசிக்கும்போதும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். சாளரத்தில் கிடங்கு 64 முறை திரும்பத் தெரிவதாகச் சொன்னேனே, அதே சங்கதி, இம்முறை நடுவிலே. போர்டைத் திறக்காமலே, காகிதத்தில் போட்ட கணக்கிலிருந்து கெட்டுப்போன காலின் பெயர் வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து சோதித்தால், மறுபடியும் தேறியது. அன்று மதியம் நல்ல வெயில். மறுநாள் மழை பெய்த விடியற்காலையில் பம்பு அறையிலேயே சோதனையை ஓட்டினோம். ஏ14 என்று சொல்லி நின்றது. ஓயாத அதிர்வில் அந்தக் காலின் ஈயத்தில் மயிரிழை விரிசல். வெப்பத்தில் விரிந்து ஒட்டிக்கொள்ளும், குளிர்ச்சியில் விலகும். விலகியபோது, கழுவாமல் விட்டிருந்த ஃபிளக்ஸ் கறையில் கடல்காற்றின் உப்பு ஈரம் ஏறி, தனித்து நின்ற அந்தக் காலைத் தரையோடு இழுத்து 0 ஆக்கிவிட்டது. அந்தக் காலுக்கு மறுபடி ஈயம் வைத்து, போர்டைக் கழுவி உலர்த்தி, காப்புப் பூச்சுப் பூசினோம். பெட்டிக்குக் கீழே இரப்பர் மெத்தை வைத்தோம். உணரி மட்டும் பம்பின் மேலேயே இருந்தது. சோதனை நிரலை மின்சாரம் வரும்போது மட்டும் ஓட்டாமல், பம்பு ஓய்ந்திருக்கும் ஒவ்வொரு முறையும் ஓடும்படி மாற்றினேன்.

அதற்கு அடுத்த வாரம், அதிகாலை 3 மணி சுமாருக்குப் பம்பு நின்றது. பதிவில் எல்லாமே ஒருமுறைதான் இருந்தது. முதல் இரண்டு வினாடிகள் அமைதியான ஓட்டம். நிற்பதற்கு நான்கு வினாடி இருக்கையில் கூழாங்கல்லை உருட்டுவது போன்ற கரகரப்பு தொடங்கி, வளர்ந்து, உச்சத்தில் முறிந்து, சுழற்சி அடங்குகிறது. உறிஞ்சு குழாயில் எண்ணெய் போதாமல் பம்புக்குள் குமிழிகள் உடையும் ஒலி அது. குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். சூடேற்றும் சுருள் ஒன்று ஒரு வளைவில் வேலை செய்யவில்லை; இரவுக் குளிர்ச்சியில் ஸ்டியரின் அங்கே இறுகத் தொடங்கியிருந்தது. உள் நினைவகத்தின் 0.85 வினாடி மட்டும் எங்களிடம் இருந்திருந்தால், கரகரப்பு தொடங்குவது அதில் இருந்திருக்காது. பம்பு அடங்கும் கடைசித் துண்டுதான் கையில் இருந்திருக்கும்.